தாடை பார்த்த டாக்டரம்மா

மயக்க மருந்து கொடுக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: வேலை நல்லபடியாக நடந்தால் நாங்கள் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது, நடக்காவிட்டால் எங்களைத் தவிர வேறு யாருமே அங்கே இருந்ததாகத் தெரியாது.

அதிலும் குழந்தைகளுக்குக் கொடுப்பது இருக்கிறதே, அது தனிப் பாடு. மயக்கம் ஏறியதும் தாடை தளர்ந்து நாக்கு பின்னால் சரியும். பெரியவர்களுக்கும் அப்படித்தான். ஆனால் குழந்தைக்கு வாய் சின்னது, நாக்கு அதற்குப் பெரிது, மூச்சுக்குழாயோ கீரைத்தண்டு மாதிரி. அடைத்துக்கொண்டால் யோசிக்க நேரம் கிடைக்காது. தாடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், முனையில் பல்பு வைத்த வளைந்த கருவியால் நாக்கை ஒதுக்கி, தொண்டைக்குள் எட்டிப் பார்த்து, மூச்சுக்குழாயில் ரப்பர் டியூபைச் செருக வேண்டும்.

யாருக்கு இது சுலபமாக அமையும், யாருக்கு நம்மைப் படுத்தும் என்பதை முந்தின நாளே பார்த்துச் சொல்லிவிடலாம் என்று மெட்ராஸில் படித்தபோது சொல்லிக்கொடுத்தார்கள். வாய் எவ்வளவு திறக்கிறது, தாடை உள்வாங்கி இருக்கிறதா, கழுத்து நிமிர்கிறதா, நாக்கு தடிப்பா, இதையெல்லாம் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள். அறுபதுகளின் நடுவில் காஞ்சிபுரத்துக்கு வேலைக்கு வந்தேன். பார்த்தேன். தெரியவில்லை. குழந்தைக்கு டானிக் ஊட்டவும், அதன் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைத் தேடவும் போய்க் கடிபட்டுத் திரும்பிய தாய்மார்களே, தகப்பன்மார்களே, என் நிலைமை உங்களுக்குத்தான் புரியும்.

வாயைத் திற, கண்ணு

நான் வந்த புதிதில் பார்த்த பையன் குமார். பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை, நாலு வயது, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் அவன் கட்டில் ஓரம் உட்கார்ந்து, “வாயைத் திற, கண்ணு” என்றேன். உதடு இரண்டையும் உள்ளே இழுத்து மடித்துக்கொண்டான். நானே வாயைப் பெரிதாகத் திறந்து “ஆ” என்று காட்டினேன். என் வாய்க்குள் நன்றாக எட்டிப் பார்த்தானே ஒழிய, தன் வாயைக் காட்டவில்லை. நர்ஸ் எஸ்தர் ஒரு கமர்கட்டு கொண்டுவந்தாள். அதை வாங்கி, ஒரு பொத்தானைக் காஜாவில் நுழைக்கிற மாதிரி, மயிரிழை இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிடிவாதமா, அல்லது தாடை எலும்பிலேயே ஏதாவது பூட்டு இருந்து வாய் இவ்வளவுதான் திறக்குமா?

அன்றைக்கு என் யோசனை எல்லாம் அந்தத் தாடை மேல்தான். மறுநாள் காலையில் இருக்கிற கருவிகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, “வாய் திறக்காத குழந்தை, கஷ்டமாக இருக்கலாம்” என்று சர்ஜனிடம் எச்சரித்தேன். தியேட்டர் கதவைத் தாண்டியதும் குமார் போட்டான் ஒரு கூச்சல். உள்நாக்கு, டான்ஸில், தொண்டையின் பின்சுவர் எல்லாம் பட்டப்பகல் மாதிரித் தெரிந்தன. எல்லாம் முடிந்து அவனை வெளியே கொண்டுவந்ததும் அவன் அம்மாவிடம், “நேற்று ஏம்மா திறக்கவே இல்லை?” என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: “நீங்க கேட்டதாலதான் தெறக்கல டாக்டரம்மா. கேக்காம இருந்தா நாள்பூரா தெறந்துக்கினுதான் இருப்பான்.”

குடும்பத் தாடை

தென்னேரியிலிருந்து விவசாயக் குடும்பம் ஒன்று கைக்குழந்தையோடு வந்தது. குழந்தைக்கு முதுகில் ஒரு கட்டி. நான் முதுகைப் பார்க்கவில்லை, தாடையைத்தான் பார்த்தேன். உள்வாங்கிய, சின்னஞ்சிறிய தாடை. இப்படிப்பட்ட தாடை இருந்தால் நாக்கு பின்னால் போய் அடைக்கும், டியூப் போடும்போது வழி தெரியாது என்று படித்தது அப்படியே கண் முன்னால் வந்தது. கவலையோடு நிமிர்ந்து குழந்தையின் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் அதே தாடை. கூட வந்திருந்த அவர் தம்பிக்கும் அதே தாடை. சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் நின்ற அத்தைக்கு அதுகூட இல்லை.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது நோயா, ஜாடையா? அப்பாவையே ஸ்டூலில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னேன், கழுத்தை நிமிர்த்தச் சொன்னேன், பக்கவாட்டில் நின்று பார்த்தேன். மனிதர் ஏன் எதற்கு என்று கேட்காமல் எல்லாம் செய்தார். “உங்களுக்கு எப்பவாவது மயக்க மருந்து கொடுத்திருக்காங்களா?” என்று கேட்டேன். இல்லை. தம்பிக்கு? இல்லை. குடும்பத்திலேயே ஒருவர்கூட ஆபரேஷன் மேஜையில் படுத்தது கிடையாது. ஆகவே அந்தத் தாடை எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல சாட்சியும் இல்லை. மறுநாள் கருவியை வாய்க்குள் விட்டால், வாசல் தெரிகிற மாதிரி வழி தெரிந்தது. டியூப் தானாகப் போய் உட்கார்ந்தது. கட்டியையும் எடுத்தாயிற்று. வெளியே வந்து, தாடையைப் பற்றி நான் பயந்ததை அப்பாவிடம் விளக்கினேன்.

அவர் மோவாயைத் தடவிக்கொண்டே சொன்னார்: “எங்க வகையறாவுக்கே இம்மாந்தூண்டுதான்மா தாட. இதுவரைக்கும் சோறு எறங்கிக்கினுதான் இருக்குது.”

குறட்டை விடாத குழந்தை

இது சிரிக்கிற விஷயம் இல்லை. தெலுங்கு பேசுகிற பட்டு வியாபாரி வீட்டுக் குழந்தை, இரண்டரை வயது. வீட்டில் எல்லோரும் ‘பாபு’ என்றே கூப்பிட்டார்கள். வலது கையில் கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டி விரல். அதை எடுக்க வேண்டும். எங்கள் சர்ஜன் வேதாசலம் சாருக்கு அது ஒரு வேலையே இல்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வட்ட முகம், நல்ல தாடை, சிரித்தால் வாய் முழுக்கத் திறந்தது. “தூங்கும்போது குறட்டை விடுவானா?” என்று கேட்டேன். “இல்லீங்க” என்றார் அப்பா. அம்மாவும் தலையை ஆட்டினாள். இத்தனை நாளில் சந்தேகமே இல்லாமல் ‘சுலபம்’ என்று நான் முடிவுகட்டிய குழந்தை அவன்தான்.

மாஸ்க்கில் மயக்க மருந்தான ஈதர் சொட்டச் சொட்டப் பாபு தூங்கினான். திடீரென்று மூச்சுச் சத்தம் நின்றது. நெஞ்சு மட்டும் உள்ளே இழுத்து இழுத்து ஏறுகிறது, காற்று போகவில்லை. தாடையைத் தூக்கினேன், பலன் இல்லை. கருவியை விட்டுப் பார்த்தேன். இரண்டு பக்க டான்ஸிலும் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கி நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. அவற்றுக்குப் பின்னால் எதுவுமே தெரியவில்லை. உதடு கறுத்துக்கொண்டு வந்தது. ஈதரைத் தூக்கி எறிந்துவிட்டு, குழந்தையை ஒருக்களித்துத் திருப்பி, தாடையை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். எஸ்தர் துணியால் நாக்கைப் பிடித்து வெளியே இழுத்தாள். வேதாசலம் சார் ஆக்சிஜன் குழாயை மூக்கின் அருகே பிடித்துக்கொண்டார். அப்புறம் குழந்தையிடமிருந்து ஒரு சின்னக் கீச்சுச் சத்தம். இன்னொன்று. நிறம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் வீறிட்டு அழுதான். குழந்தை அழுவது காதுக்கு அவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

விரலைத் தொடாமலே அவனை வெளியே எடுத்துப்போனோம். பெற்றவர்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, தாங்கமாட்டாமல் கேட்டேன், “குறட்டை விடமாட்டான்னு நேற்று சொன்னீங்களே?”

அம்மா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னாள்: “கொறட்ட பெரியவங்கதானே உடுவாங்க? பாபுக்கு வர்றது பூனக்குட்டி சத்தம். அத நீங்க கேக்கவே இல்லீங்களே, டாக்டரம்மா.”

பூனை விசாரணை

பாபுவை மெட்ராஸுக்கு அனுப்பினோம். அங்கே முதலில் டான்ஸிலையும் பிறகு விரலையும் எடுத்து, நல்லபடியாக ஊர் திரும்பினான். நான்தான் பழையபடி திரும்பவில்லை. அதற்கப்புறம் எந்தக் குழந்தை வந்தாலும் முதல் கேள்வி, “தூங்கும்போது பூனைக்குட்டி மாதிரிச் சத்தம் வருதா?” என்பதுதான்.

ஏனாத்தூரிலிருந்து ஒரு அம்மா, காலில் சீழ் வைத்த பெண் குழந்தையோடு வந்தாள். கேட்டேன். அவள் எஸ்தரைப் பார்த்தாள். பிறகு வெளியே போய்ப் புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவரிடமும் கேட்டேன். அவர் விறைப்பாக நிமிர்ந்து, “எங்க வூட்ல பூன கீன எதுவும் கெடையாதுங்க. பக்கத்து வூட்ல யாராவது இன்னாவாச்சும் சொன்னாங்களா?” என்றார். விளக்கிப் பார்த்தேன், முடியவில்லை. கடைசியில் நானே கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கி, அந்தச் சத்தத்தைச் செய்து காட்டினேன். குழந்தை கடகடவென்று சிரித்தது. சிரித்த வாய்க்குள் தொண்டை முழுசும் பார்த்துக்கொண்டேன், டான்ஸில் சின்னதுதான். திருப்தியாக எழுந்தேன்.

நான் கதவைத் தாண்டுவதற்குள் அந்த அம்மா எஸ்தரிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: “மயக்க மருந்து குடுக்கப் போறது இவங்கதானா, இல்ல வேற டாக்டரு வருவாங்களா?”

ஆடும் பல்

ஏழு வயதுக் குழந்தைகளிடம் எனக்குப் பயம் அதிகம். காரணம், பால் பல். ஆடுகிற பல் நம் கருவி பட்டு விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால், வந்த வியாதியைவிடப் பெரிய வியாதியை நாமே கொடுத்த மாதிரி.

அலமேலு என்று ஒரு பெண். முழங்கை எலும்பு முறிந்து, பொருத்த வேண்டியிருந்தது. முந்தின நாள் பார்த்தபோது முன்பல் ஒன்று நன்றாக ஆடியது. பல்லில் நூலைக் கட்டி நூலின் நுனியைக் கன்னத்தில் ஒட்டிவிட்டால், விழுந்தாலும் உள்ளே போகாது. அவள் அப்பா நெசவாளர். சொன்னதும் நல்ல பட்டு இழையாகக் கொண்டுவந்து கொடுத்தார். காலையில் நூலும் கையுமாகப் போய், “பல்லு ஆடுதா?” என்று கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். நூலைப் பார்த்துப் பயந்து பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். சரி, தூங்கினதும் கட்டிக்கொள்ளலாம்.

தூங்கினாள். வாயைத் திறந்தேன். பல் இருந்த இடத்தில் ஓட்டை. ஓரத்தில் கொஞ்சம் ரத்தம். வாயைத் திறக்கும்போது என் விரல் பட்டு உள்ளே போய்விட்டதா? நாக்குக்கு அடியில் தேடினேன், தொண்டையில் தேடினேன். எச்சில் உறிஞ்சுகிற பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தோம். வேதாசலம் சார் மேஜைக்கு அடியில் முழங்காலிட்டு டார்ச் அடித்துத் தேடினார். கையைப் பொருத்திய கையோடு நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தோம். ஈரம் சொட்டச் சொட்ட வந்த படத்தில், நெஞ்சுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ ஒன்று. பல்லேதான் என்று முடிவுகட்டிவிட்டேன். எஸ்தர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அது சட்டைப் பொத்தான் என்றாள். சட்டையைக் கழற்றி மறுபடி எடுத்தோம். படம் சுத்தமாக இருந்தது. அப்படியானால் பல் எங்கே?

வெளியே ஓடி அவள் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாதாரணமாக ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கூரையைக் கையால் காட்டினாள். காலையில் பல் விழுந்திருக்கிறது. முளைக்கிற பல் நன்றாக முளைக்கட்டும் என்று வழக்கப்படி ஓட்டின் மேல் எறிந்துவிட்டார்கள். மயக்கம் நன்றாகத் தெளிந்த பிறகு அலமேலுவிடம், “நான் கேட்டேனே, ஏன் சொல்லலை?” என்றேன்.

அவள் ஓட்டைப் பல்லோடு சொன்னாள்: “ஆடுதான்னுதான கேட்டீங்க? ஆடலியே. வுழுந்துட்ச்சே.”

சர்ஜன் வீட்டுப் பிள்ளை

வேதாசலம் சாருக்கு ஒரு வழக்கம். கை கழுவிக்கொண்டே, “என்னம்மா, ஈஸியா, கஷ்டமா?” என்று கேட்பார். நான் “பார்ப்போம் சார்” என்பேன். “இதுக்கு எதுக்கு ஒரு படிப்பு?” என்று சிரிப்பார். அவருடைய ஐந்து வயதுப் பையனுக்கே டான்ஸில் எடுக்க வேண்டி வந்தது. சொந்தப் பிள்ளைக்குத் தான் கத்தி எடுக்கக் கூடாது என்று செங்கல்பட்டிலிருந்து நண்பர் ஒருவரை வரவழைத்தார். முந்தின நாள் மாலை பையனைப் பார்க்க வீட்டுக்குப் போனேன். கழுத்து கொஞ்சம் குட்டை, வாய் நன்றாகத் திறந்தது, தாடை பரவாயில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எந்தப் பக்கமும் சாயாத குழந்தை. சார் தெருவரை என்கூடவே வந்தார். நான் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் அதன் கைப்பிடியை விடவில்லை. “ஈஸியா, கஷ்டமா?” என்றார். முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. பழக்கதோஷத்தில் “பார்ப்போம் சார்” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “எல்லார் குழந்தைக்கும் ‘பார்ப்போம்’னே சொல்லும்மா, வேண்டாங்கலை. என் பையனுக்கு மட்டும் ‘ஒண்ணும் ஆகாது’ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயேன்.”

செல்வி

பையன் நன்றாகத் தேறினான். அந்த வருஷமே செல்வி வந்தாள். அவள் அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்ப்பவர். பட்டு நூலை முக்குகிற கொதிக்கும் சாயத் தண்ணீர் அவள் மேல் கவிழ்ந்து, புண் ஆறும்போது தோல் சுருங்கி, மோவாயை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக் கட்டிவிட்டது. ஆறு வயது. தலை நிமிராது. வார்டில் யாருடைய முகத்தையும் அவள் சரியாகப் பார்த்ததில்லை. செருப்பைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்வாள். என் செருப்பின் வார் அறுந்து தைத்ததை முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான்.

இங்கே கணிக்க ஒன்றுமே இல்லை. கழுத்து நிமிராமல் தொண்டைக்குள் பார்க்க முடியாது. பார்க்க முடியாமல் டியூப் போட முடியாது. தழும்பை வெட்டினால் கழுத்து நிமிரும். வெட்ட வேண்டுமானால் மயக்கம் கொடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றேன். லேசாக ஈதர் கொடுத்து அவளாக மூச்சு விடும்படி வைத்திருப்பது, தழும்பில் மரத்துப்போகிற ஊசி போட்டு சார் சீக்கிரமாக வெட்டுவது, கழுத்து விடுபட்டதும் நான் டியூப் போடுவது, நடுவில் மூச்சு நின்றால் தொண்டையிலேயே துளை போடுவது என்று முடிவு செய்தோம். அவள் பெற்றோரை வராந்தாவில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். உயிருக்கே ஆபத்து வரலாம் என்றும் சொன்னேன். அம்மா அங்கேயே சுவரோடு சரிந்து உட்கார்ந்து அழுதாள். அப்பா, சாயம் ஏறிய கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒரு பக்கம், சொல்லிவிட்டால் தேவலை என்று ஒரு பக்கம் எனக்கு. சரி என்றார்கள்.

மறுநாள் செல்வியைத் தலையணைகளில் சாய்த்துப் படுக்கவைத்து ஈதரைத் தொடங்கினேன். தொண்டையில் துளை போடுகிற கத்தி அவள் தலைமாட்டில் தயாராக இருந்தது. அவளோ தன் வீட்டுப் பாயில் தூங்குகிற மாதிரி மூச்சு விட்டாள். ஒரு தடங்கல் இல்லை. சார் ஊசி போட்டார், வெட்டினார். இறுகிக் கிடந்த தோல் விட்டுக்கொடுத்தது. மோவாய் மெல்ல மேலே வந்தது. கருவியை விட்டேன். நேர் எதிரே வழி. டியூப் போய்விட்டது. நம்ப முடியாமல் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வைத்துக் கேட்டேன். இரண்டு பக்கமும் காற்று போய்க்கொண்டுதான் இருந்தது. “ஆச்சா?” என்றார் சார். “ஆச்சு சார்.” “நிஜமாவா?” என்றார். தொடைத் தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டி முடிக்கும்வரை, ஏதாவது நடக்கும், நடக்கும் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

ஒட்டிய தோல் பிடித்து, கழுத்துக் கட்டை ஒருநாள் பிரித்தார்கள். செல்வி பயந்து பயந்து தலையைத் தூக்கினாள். முதலில் என் முகத்தைப் பார்த்தாள்; அது யார் என்று தெரியவில்லை. செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இன்னும் மேலே பார்த்தவள், “அப்பா, மேல ஒண்ணு சுத்துதுபா! காத்து இதுலேர்ந்துதான் வருதா?” என்று கத்தினாள். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கும்பிடப் போகிறார் என்று நினைத்து நானும் கையை எடுத்தேன். அவர் கும்பிடவில்லை.

“எல்லாம் இவ்ளோ சுளுவா முடிஞ்சிட்ச்சே, அப்புறம் இன்னாத்துக்கு டாக்டரம்மா அன்னிக்கு எங்கள அப்படி அழ வெச்சீங்க?”

எடுத்த கையால் செல்வியின் மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் எதிரே எந்தக் குழந்தை வந்தாலும் இன்றைக்கும் என் கண் முதலில் தாடைக்குத்தான் போகிறது, போன இடத்தில் எதைக் கண்டு பயப்படுவது, எதைக் கண்டு நிம்மதியாக இருப்பது என்பதுதான் இன்னும் புரிந்தபாடில்லை.